நூறு வயதுக் கொடி: ஒரு கிரான்பெர்ரிக் குடும்பத்தின் வருடம்

மார்பு வரை ரப்பர் உடுப்பு போட்ட இரண்டு பேர் தண்ணீரில் நிற்கிறார்கள். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிவப்புப் பழம் மிதக்கிறது. கிரான்பெர்ரி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது இந்தப் படம்தான். விளம்பரத்திலும் ஜூஸ் பெட்டியிலும் இதையே பார்த்துப் பழகியதால், தாமரையைப் போல இதுவும் தண்ணீருக்குள் விளைவது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அப்படி இல்லை. கொடி தளிர்ப்பது, பூப்பது, காய்ப்பது எல்லாமே மணல் தரையில்தான். பழுத்த பழத்தைத் திரட்டி எடுப்பதற்காக ஒரு வயலில் தண்ணீர் கட்டுவது சில நாள். அந்தச் சில நாளைத்தான் எல்லோரும் படமெடுக்கிறார்கள். மீதி வருடம் முழுக்க இதைப் பயிரிடும் குடும்பங்கள் என்ன செய்துகொண்டிருக்கின்றன, ஏன் அவர்களில் பலர் இப்போது வயலைக் கைவிடலாமா என்று யோசிக்கிறார்கள் என்பதைப் பார்க்கலாம்.

நம் ஊர்க் கடைகளிலும் இந்தப் பழம் வந்துவிட்டது. முந்திரி, திராட்சைப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்தில், சர்க்கரை ஏற்றி உலர்த்திய கருஞ்சிவப்புத் துண்டுகளாக இருக்கும். 2023-இல் இந்திய அரசு கிரான்பெர்ரி மீதான இறக்குமதி வரியைக் குறைக்க ஒப்புக்கொண்டது. களாக்காயைச் சிலர் ‘இந்தியக் கிரான்பெர்ரி’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். புளிப்பைத் தவிர இரண்டுக்கும் எந்த உறவும் கிடையாது. கிரான்பெர்ரிக்கு நெருங்கிய சொந்தம் புளூபெர்ரி.

நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்கிழக்கு மூலையை. கார்வர், வேர்ஹாம், மிடில்பரோ போன்ற ஊர்கள் உள்ள பிளிமத் மாவட்டம், அதை ஒட்டி மடக்கிய கையைப் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் கேப் காட். இன்று அமெரிக்காவில் விளையும் கிரான்பெர்ரியில் பாதிக்கு மேல் விஸ்கான்சினில் விளைகிறது. நியூ ஜெர்சி, ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களிலும், கனடாவின் கியூபெக்கிலும் பெரிய பண்ணைகள் உண்டு. ஆனால் காட்டில் கிடந்த கொடியை வயலுக்குக் கொண்டுவந்தது இந்த மூலைதான். இன்று அதிகம் திணறுவதும் இதுவேதான்.

பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பகுதியை மூடியிருந்த பனிப்பாறை உருகிப் பின்வாங்கியபோது, பள்ளங்களையும் ஏராளமான மணலையும் விட்டுப்போனது. பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, செடிகொடிகள் மட்கி, கரிய புளிப்பு மண்ணாக அடுக்கடுக்காய்ப் படிந்தது. வேறு பயிருக்கு உதவாத அந்தப் புளிப்பு மண்தான் கிரான்பெர்ரிக்கு வேண்டியது. வாம்பனோவாக் பழங்குடி மக்கள் இதை ‘சாசமனாஷ்’ என்று அழைத்தார்கள். உணவாகவும் மருந்தாகவும் சாயமாகவும் பயன்படுத்தினார்கள். மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வாழும் அக்வின்னா வாம்பனோவாக் மக்கள் இன்றும் அக்டோபரில் ஒரு நாளைக் கிரான்பெர்ரி நாளாகக் கொண்டாடி, குடும்பத்தோடு போய்ப் பழம் பறிக்கிறார்கள். பூவின் இதழ்கள் பின்பக்கம் மடங்கி, நடுவில் அலகு மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அது கொக்கின் தலையைப் போல இருந்ததால் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்கள் ‘கிரேன் பெர்ரி’ என்று கூப்பிட்டார்கள். பெயர் தேய்ந்து கிரான்பெர்ரி ஆனது.

பயிராக்கிய கதை 1816-இல் தொடங்குகிறது. கேப் காட்டில் டென்னிஸ் என்ற ஊர். அங்கே ஹென்றி ஹால் என்பவர், கடற்கரை மணல் காற்றில் பறந்துவந்து தன் நிலத்திலிருந்த காட்டுக் கொடிகளை மூடுவதைக் கவனித்தார். செத்துப்போகும் என்று நினைத்த கொடி, மணல் விழுந்த இடத்தில்தான் முன்னைவிடச் செழித்தது. மணல் புதைத்த தண்டிலிருந்து புது வேர் விட்டு, புதுத் தளிர் நிமிர்ந்து வந்திருந்தது. பிறகு அவரே மணலை அள்ளிப்போட ஆரம்பித்தார். இருநூறு வருடத்துக்குப் பின்னும் கிரான்பெர்ரி விவசாயத்தின் அடிப்படை அதுதான். மணல் போடு, தண்ணீரைக் கட்டு, தண்ணீரை விடு.

அதனால் இந்த விவசாயியை நான் முதலில் நீர் மேலாளராகத்தான் பார்க்கிறேன். ஒவ்வொரு வயலும் சுற்றி வரப்பு கட்டிய ஒரு தட்டு. ஓரத்திலும் குறுக்கிலும் வாய்க்கால்கள் ஓடும். மேட்டில் ஒரு குளம், தாழ்வில் இன்னொன்று, நடுவில் மதகுகள். மதகில் பலகையைச் செருகினால் தண்ணீர் ஏறும், எடுத்தால் இறங்கும். நம் ஏரிப் பாசனக்காரர் ஒருவரைக் கொண்டுபோய் அந்த வரப்பில் நிறுத்தினால் பத்து நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிடும். ஒரு வயலிலிருந்து வடியும் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும், சில சமயம் பக்கத்து வீட்டுக்காரர் வயலுக்கும் போகும். எனவே யார் எந்த வாரம் தண்ணீர் கட்டுவது என்பதை அண்டை அயலார் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பயிர் நிற்கும் ஒரு ஏக்கருக்குப் பின்னால் குளமும் காடும் சதுப்புமாகப் பல ஏக்கர் துணை நிலம் வேண்டும். சொத்துக் கணக்கில் அது பெரிதாகத் தெரியும். வருமானம் வருவதோ கொடி இருக்கும் தட்டிலிருந்து மட்டும்.

டிசம்பர் கடைசியில் வயலில் தண்ணீரைக் கட்டி உறையவிடுவார்கள். கேட்கும்போது விபரீதமாக இருக்கும். பனிக்கட்டிக்குள் கொடியைப் புதைத்தால் அது பிழைக்குமா? பிழைக்கும். குளிரைவிட அதற்குப் பெரிய ஆபத்து வறண்ட பனிக்காற்று. தரை உறைந்திருக்கும்போது வேரால் நீர் எடுக்க முடியாது. அந்த நேரம் காற்று இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சினால் கொடி காய்ந்துபோகும். பனிக்கட்டி போர்வையாகிக் காக்கிறது. ஆனால் மேலே வெண்பனி கனமாக விழுந்து வெளிச்சத்தை மறைத்தால், அடியிலிருக்கும் நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். அப்போது பனிக்கட்டியை அப்படியே விட்டுவிட்டு அடித்தண்ணீரை மட்டும் வடிப்பார்கள்.

அந்தப் பனிக்கட்டிதான் மணல் போடுவதற்கான மேடையும். லாரியைத் தாங்கும் அளவுக்கு அது தடித்ததும், பண்ணையிலேயே இருக்கும் மணல் குழியிலிருந்து மணலை ஏற்றி, பனிக்கட்டியின் மேல் ஓரிரு அங்குலம் பரப்பிவிடுவார்கள். வசந்தத்தில் பனி உருகும்போது மணல் மெல்ல இறங்கிக் கொடிகளுக்கிடையில் படியும். ஒரே வயலுக்குச் சில வருடத்துக்கு ஒரு முறை இது போதும். புது வேர் விடும், பழைய சருகு மூடிப்போகும், அதில் ஒளிந்திருக்கும் பூச்சிகளும் புதைந்துபோகும். பனிக்கட்டி ஒரு பைசா வாங்காமல் வேலை செய்யும் கூலியாள் மாதிரி. இப்போது குளிர்காலம் சூடாகிக்கொண்டே வருவதால் லாரி ஏறும் அளவுக்குப் பனி தடிக்காத வருடங்கள் அதிகமாகிவிட்டன. அந்த வருடங்களில் வயலில் தண்ணீர் கட்டி, மிதவையில் மணலை ஏற்றிக்கொண்டுபோய்த் தூவுகிறார்கள். வேலை நடக்கிறது, செலவு கூடுகிறது.

ஏப்ரல், மே மாதங்கள் தூங்க முடியாத மாதங்கள்.

மே மாதத்து மாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பகலெல்லாம் நல்ல வெயில். பொழுது சாய்ந்ததும் காற்று அடங்கிவிடுகிறது, வானத்தில் ஒரு மேகம் இல்லை. நம் ஊரில் இப்படி ஒரு மாலை வந்தால் மொட்டை மாடியில் பாய் விரிக்கலாம். அங்கே இதுதான் பயப்பட வேண்டிய மாலை. மேகமில்லாத இரவில் தரைச் சூடு நேரே வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலப் பள்ளத்தை நோக்கி வழியும். பனிப்பாறை தோண்டிய பள்ளத்தில்தான் வயல் இருக்கிறது. ஊரில் ஐந்து டிகிரி என்றால் வயலில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடலாம். கொடி உறங்கும் காலத்தில் எந்தக் குளிரையும் தாங்கிய மொட்டு, விழிக்க விழிக்கத் தாங்கும் சக்தியை இழக்கிறது. ஏப்ரலில் சுமார் மைனஸ் 8 டிகிரி செல்சியஸ் வரை பொறுத்தது, மே கடைசியில் மைனஸ் 1 டிகிரியிலேயே கருகத் தொடங்கும். ஒரே இரவில் அந்த வருடத்து விளைச்சல் போய்விடும்.

எனவே உறைபனி முன்னறிவிப்பைக் கேட்காமல் யாரும் படுக்கப்போவதில்லை. கிழக்கு வேர்ஹாமில் 1910-இல் தொடங்கிய கிரான்பெர்ரி ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. எந்த மொட்டு நிலைக்கு எவ்வளவு குளிர் தாங்கும் என்ற கணக்கெல்லாம் அங்கே பல பத்தாண்டுகளாகச் சேர்த்தவை. வயலில், கொடியின் உயரத்திலேயே வெப்பமானியை வைத்திருப்பார்கள். இரவு ஒரு மணியோ இரண்டு மணியோ, அலாரம் அடித்ததும் வீட்டில் ஒருவர் எழுந்து பம்பைப் போட வேண்டும். தெளிப்பான்கள் சுழன்று வயல் முழுக்க நீரைத் தூவும்.

குளிரில் நடுங்கும் செடிமேல் தண்ணீரைத் தெளிப்பதா என்று தோன்றும். தண்ணீர் உறையும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது, ஒரு கிராமுக்குச் சுமார் 80 கலோரி. நீர் மொட்டின் மேல் விழுந்து உறைந்துகொண்டே இருக்கும்வரை மொட்டு பூஜ்யம் டிகிரியை ஒட்டியே நிற்கும், அதற்குக் கீழே இறங்காது. நடுவில் பம்பு நின்றால்தான் ஆபத்து. ஆகவே ஒருவர் டார்ச்சோடு வரப்பில் நடந்துகொண்டே இருப்பார். அடைத்துக்கொண்ட தெளிப்பான் சுழலாமல் நிற்கும், அதைத் தட்டிவிட வேண்டும். ஒன்று கண்ணில் படாமல் போனால் அன்றிரவு ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்து, பச்சை வயலின் நடுவே பழுப்பாக ஒரு வட்டம் தெரியும். எந்தத் தெளிப்பான், எந்த இரவு என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

விடிந்ததும் வயலைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தளிரும் விரல் தடிமனுக்குக் கண்ணாடிக்குள் நிற்கும். உள்ளே இளஞ்சிவப்பு மொட்டு அப்படியே இருக்கும். வெயில் ஏறி அந்தக் கண்ணாடி உருகத் தொடங்கிய பிறகே பம்பை நிறுத்துவார்கள். அதற்குள் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரம் வந்திருக்கும். பல குடும்பங்களில் கணவனோ மனைவியோ வெளியே இன்னொரு வேலைக்குப் போகிறார்கள். இரவு முழுக்க வரப்பில் நடந்துவிட்டு எட்டு மணிக்கு அலுவலகம். தெளிப்பான்கள் பரவலாக வந்தது 1960-களில். அதற்கு முன்னால் உறைபனி வரும் ஒவ்வோர் இரவும் வயல் முழுவதும் தண்ணீர் கட்டி, மறுநாள் வடித்திருக்கிறார்கள். இப்போது கைபேசியிலிருந்தே பம்பை இயக்க முடிகிறது. ஆனாலும் வயலுக்குப் போய் ஒரு முறை கண்ணால் பார்க்காமல் பலருக்கும் தூக்கம் வருவதில்லை. அறுவடைக்கு முன்னால் செப்டம்பர், அக்டோபரிலும் இதே காவல் தொடரும்.

ஜூன் நடுவில் பூ. தேன் அதிகமில்லாத பூ என்பதால் தேனீக்களுக்கு இதில் பெரிய ஆர்வம் கிடையாது. ஏக்கருக்கு ஒன்றோ இரண்டோ தேனீப் பெட்டிகளை வாடகைக்கு வாங்கி வைப்பார்கள். தானாக வரும் பம்பிள் வண்டுத் தேனீ இன்னும் நன்றாக வேலை செய்யும். பூப்பதில் பாதிகூடக் காயாவதில்லை. அப்புறம் கோடை முழுக்கப் பூச்சி, பூஞ்சை, களை. களைகளில் மிகவும் மோசமானது நமக்குத் தெரிந்த ஒன்றின் இனம்தான். நம் வேலிகளில் மஞ்சள் நூலாகப் படரும் அம்மையார் கூந்தல் இருக்கிறதே, அதன் உறவு ஒன்று கிரான்பெர்ரிக் கொடியைப் பின்னிச் சாறு உறிஞ்சும். விதை மண்ணில் பல வருடம் கிடந்து முளைக்கும். ஓநாய்ச் சிலந்திகளை மட்டும் எல்லோரும் வரவேற்கிறார்கள். பூச்சிகளைத் தின்று அவை இலவசமாகக் காவல் காக்கின்றன. அறுவடைக்குத் தண்ணீர் ஏறும்போது அவை உயரமான இடம் தேடி வருமே, அங்கே நிற்பதில் உயரமானது மனிதன்தான். கழுத்து வரை சிலந்தி ஏறுவதைப் பொறுத்துக்கொள்வது இந்த வேலையின் ஒரு பகுதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வருடக் காய் கொடியில் இருக்கும்போதே, ஆகஸ்டில், அடுத்த வருடத்துக்கான மொட்டு உருவாகிவிடுகிறது. மொட்டிலிருந்து பழம் வரைக்கும் ஏறக்குறைய 16 மாதம். எனவே அறுவடை செய்கிறவர் எப்போதும் அடுத்த வருட விளைச்சலின் மேல் நடந்துகொண்டிருக்கிறார். அவசரப்பட்டு இயந்திரத்தை ஓட்டினால் அடுத்த அக்டோபரில் தெரியும்.

அறுவடையில் முதல் நாள் வயலில் சுமார் ஒன்றரை அடித் தண்ணீர் ஏறும். சுழலும் கம்பிகள் கொண்ட வண்டி கொடிகளுக்கிடையில் ஓடி, பழத்தைக் காம்பிலிருந்து தட்டிவிடும். பழத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நான்கு காற்றறைகள் இருக்கும். உள்ளே சின்னச் சின்ன விதைகள், மீதியெல்லாம் காற்று. அதனால்தான் மிதக்கிறது. பிறகு தண்ணீரை இன்னும் ஏற்றி, மிதக்கும் வளையத்தால் பழத்தை ஓரமாக வளைத்துக்கொண்டுவந்து, குழாயால் உறிஞ்சி லாரியில் ஏற்றுவார்கள். விளம்பரக்காரர்கள் வருவது இந்த நேரத்துக்கு. குளிர்ந்த இரவுகள் வந்தால்தான் பழம் ஆழ்ந்த சிவப்பாகும். வெதுவெதுப்பான செப்டம்பர் என்றால் நிறம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், காத்திருந்தால் அழுகல் கூடும். நிறத்துக்குத் தனியாகக் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால், எப்போது தண்ணீர் கட்டுவது என்பதே வருடத்தின் பெரிய முடிவு.

தண்ணீரில் எடுத்த பழம் ஜூஸுக்கும் சாஸுக்கும் உலர்பழத்துக்கும் போகும். ஈரம் பட்டால் சீக்கிரம் கெடும் என்பதால் கடையில் பச்சையாக விற்கும் பழத்தைக் காய்ந்த கொடியிலிருந்து, பனித்துளி உலர்ந்த பிறகு, தள்ளு இயந்திரத்தால் எடுக்கிறார்கள். மொத்த விளைச்சலில் இது சுமார் இருபதில் ஒரு பங்கு. வண்டி ஏறினால் கொடி நசுங்கும் என்று மாசசூசெட்ஸில் சிலர் பழப் பெட்டிகளை ஹெலிகாப்டரில் தூக்கி எடுப்பதும் உண்டு. இந்தப் பழத்தைத் தரம் பிரிப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. நல்ல பழம் துள்ளும், அழுகியது துள்ளாது. நியூ ஜெர்சியில் மரக்கால் பொருத்திய ஜான் வெப் என்பவர், பழத்தைச் சுமந்துகொண்டு படி இறங்க முடியாமல் மேலிருந்து கொட்டிவிடுவாராம். நல்லவை துள்ளிக் கீழே வந்தன, கெட்டவை படியிலேயே தங்கின என்று கதை. அதை வைத்தே தரம் பிரிக்கும் மரப்பெட்டி வந்தது. நான்கு அங்குலப் பலகையைத் தாண்டிக் குதிக்க ஒவ்வொரு பழத்துக்கும் ஏழு வாய்ப்பு. ஏழிலும் தவறினால் கழிவு.

குடும்பப் பண்ணை என்று பேசும்போது, அந்தக் குடும்பத்தில் சேராத கைகளை விட்டுவிடக் கூடாது. இயந்திரத்துக்கு முன்பு, முழங்காலிட்டு நகர்ந்தபடி, மரப்பல் வைத்த அள்ளியால் சீவித்தான் பழம் எடுத்தார்கள். 1910-ஐ ஒட்டிய வருடங்களில் லூயிஸ் ஹைன் நியூ ஜெர்சியிலும் மாசசூசெட்ஸிலும் எடுத்த புகைப்படங்களில் சின்னக் குழந்தைகள் பழப்பெட்டி சுமந்து நிற்கிறார்கள். ஆப்பிரிக்கக் கரையோரத்துக் கேப் வெர்டே தீவுகளிலிருந்து வந்தவர்கள்தான் மாசசூசெட்ஸ் வயல்களின் பெரும்பாலான வேலையைத் தாங்கினார்கள். கூலிக்காக 1933-இல் வேலைநிறுத்தமும் செய்தார்கள், அது அடக்கப்பட்டது. பிறகு சேமித்த காசில் சிலர் சொந்தமாகச் சதுப்பை வாங்கி, மண் சுமந்து, வயலாக்கிக்கொண்டார்கள். வயலின் வரலாற்றைப் பேசும்போது நில உரிமையாளரோடு நிறுத்திவிட்டால் அது பாதி வரலாறு.

சரி, விலைக்கு வருவோம். கிரான்பெர்ரியை இன்னும் ‘பேரல்’ கணக்கில்தான் விற்கிறார்கள். ஒரு பேரல் 100 பவுண்டு, ஏறக்குறைய 45 கிலோ. பச்சையாகத் தின்ன முடியாத புளிப்பு என்பதால், இந்தப் பழத்துக்கு எப்போதும் ஒரு ஆலை வேண்டும். மார்க்கஸ் யூரன் என்ற வழக்கறிஞர் 1912-இல் அதை டப்பாவில் அடைக்க ஆரம்பித்தார். 1930-இல் அவரும் ஜான் மேக்பீஸ், எலிசபெத் லீ என்ற இன்னும் இரண்டு உற்பத்தியாளர்களும் சேர்ந்து ஒரு கூட்டுறவைத் தொடங்கினார்கள். அதுதான் ஓஷன் ஸ்பிரே. இன்று சுமார் 700 விவசாயக் குடும்பங்கள் அதன் சொந்தக்காரர்கள். அமெரிக்கக் கிரான்பெர்ரியின் பெரும்பகுதி அதன் வழியே போகிறது. விற்று வந்ததைப் பல தவணையாகப் பிரித்துக் கொடுக்கும். கூட்டுறவில் சேராதவர்கள் ஆலைகளோடு தனித்தனியாகப் பேரம் பேச வேண்டும். விலை ஏறும்போது அவர்களுக்கு லாபம், இறங்கும்போது முதலில் அடிபடுவதும் அவர்கள்தான்.

முதல் பெரிய அடி விழுந்தது 1959 நவம்பர் 9, திங்கட்கிழமை. நன்றி நவிலல் நாளுக்கு இரண்டரை வாரம் இருக்கும்போது, அமெரிக்க சுகாதாரத் துறைச் செயலர் ஆர்தர் பிளெமிங், வாஷிங்டன், ஓரிகன் மாநிலங்களிலிருந்து வந்த சில பழங்களில் அமினோட்ரையசோல் என்ற களைக்கொல்லி இருப்பதாக அறிவித்தார். அது எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதாகச் சோதனைகள் சொல்லியிருந்தன. வான்கோழிக் கறியோடு கிரான்பெர்ரி சாஸ் வைப்பது அந்த நாட்டில் நம் பொங்கலுக்குக் கரும்பு மாதிரி. ஒரே நாளில் கடைகள் அதை எடுத்து ஒதுக்கின. அந்தக் களைக்கொல்லியைத் தொடாத மாசசூசெட்ஸ்காரர்களுக்கும் விற்பனை படுத்தது. தேர்தல் பிரசாரத்துக்கு விஸ்கான்சின் வந்த கென்னடி கிரான்பெர்ரி ஜூஸ் குடித்தும், நிக்சன் சாஸை நான்கு முறை வாங்கிச் சாப்பிட்டும் காட்டினார்கள். வருடத்தில் ஒரே ஒரு நாள் விருந்தை நம்பிப் பிழைக்கக் கூடாது என்று அந்த அடி கற்றுக்கொடுத்தது. அதற்குப் பிறகே ஜூஸ் வியாபாரம் பெரிதாக வளர்ந்தது.

வளர்ந்ததே அடுத்த அடிக்கும் காரணம். 1990-களின் நடுவில் பேரல் 65 டாலரை ஒட்டி விற்றது. எல்லோரும் புது வயல் போட்டார்கள். நிலமும் நீரும் தாராளமாக இருந்த விஸ்கான்சின் அதே காலத்தில் மாசசூசெட்ஸை முந்தியது. 1999-இல் விலை 20 டாலருக்கும் கீழே போனது. விளைவிக்கவே சுமார் 35 டாலர் ஆகும் பொருள் அது. முதலுக்கே மோசம். அரசின் ஒப்புதலோடு 2000-லும் 2001-லும் எவ்வளவு விற்கலாம் என்று அளவு வைத்தார்கள். ஆலைக்குப் போகாமல் எவ்வளவோ பழம் வீணானது. நன்றாக விளைவித்ததே குற்றமாகிப்போன அந்த வருடங்களில் பல குடும்பங்கள் வெளியேறின. பிறகு உலர்பழம் காப்பாற்றியது. சாறு எடுத்த பிறகு மிஞ்சும் தோலில் சர்க்கரைப் பாகை ஏற்றி உலர்த்துவதுதான் நம் கடைக்கு வரும் துண்டு. ஆனால் உலர்பழம் விற்க விற்க, பிழிந்து கெட்டியாக்கிய சாறு மலையாகத் தேங்கியது, அது மறுபடி விலையை இழுத்தது. 2018-இல் ஐரோப்பிய ஒன்றியமும் சீனாவும் அமெரிக்காவோடு நடந்த வரிச் சண்டையில் கிரான்பெர்ரியின் மேலும் வரி போட்டன. உருக்குக்கு யாரோ போட்ட வரிக்குக் கார்வரில் ஒரு குடும்பம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இங்கேதான் கொடியின் வயது குறுக்கே வருகிறது. கிரான்பெர்ரிக் கொடிக்கு முதுமை என்று ஒன்று கிடையாது. மணலும் நீரும் கவனிப்பும் இருந்தால் நூறு வருடத்துக்கு மேலும் காய்க்கும். தாத்தாவுக்குத் தாத்தா நட்ட கொடியிலிருந்து இன்றும் பழம் எடுக்கும் குடும்பங்கள் உண்டு. மாசசூசெட்ஸின் பல வயல்களில் இருப்பவை எர்லி பிளாக், ஹௌஸ் என்ற ரகங்கள். இரண்டுமே 19-ஆம் நூற்றாண்டில் கேப் காட்டில் கண்டெடுத்த காட்டுக் கொடிகள். வாழையடி வாழையாக வந்த சொத்து என்று அதைப் பெருமையாகவே நினைத்தார்கள், சரிதான். ஆனால் அந்த ரகங்கள் ஏக்கருக்கு 100 முதல் 150 பேரல் வரை தந்தால், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான முல்லிகா குயின் போன்ற புது ரகங்கள் 200-ஐத் தாண்டுகின்றன, நல்ல வயலில் 300-ஐயும் தொடுகின்றன. பழமும் பெரிது. உலர்பழ ஆலைக்குப் பெரிய பழம்தான் வேண்டும். விலை குறைந்த காலத்தில் ஏக்கருக்கு 120 பேரல் எடுத்து ஒரு குடும்பம் நிமிர முடியாது.

அப்படியானால் மாற்றி நட வேண்டியதுதானே? வயலைத் தோண்டிச் சமன்படுத்தி, புது மணல் பரப்பி, குழாய் மாற்றி, புதுக் கொடி வாங்கி நட ஏக்கருக்கு 30,000 டாலருக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகு மூன்று நான்கு வருடம் ஒன்றும் கிடைக்காது. கொடி செத்துப்போயிருந்தால் யோசிக்காமல் நட்டிருப்பார்கள். காய்த்துக்கொண்டிருக்கும் கொடியை, அதுவும் பாட்டன் வைத்ததை, கடன் வாங்கிப் பிடுங்குவதற்கு மனமும் வராது, வங்கியும் சட்டென்று சம்மதிக்காது. அறுபது வயதில் ஒருவர் அந்தக் கடனை எடுக்க வேண்டுமென்றால், பிள்ளைகளில் யாராவது ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருக்க வேண்டும். என் பார்வையில் மாசசூசெட்ஸின் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு பேச்சுவார்த்தையில் அடங்கியிருக்கிறது. எத்தனையோ வீடுகளில் அந்தப் பேச்சு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

வேறு வழிகளும் உண்டு. மேட்டு நிலத்தை வீட்டு மனைக்கு விற்கலாம், பிளிமத் பக்கம் நில விலை அப்படி. மணலை விற்கலாம். சூரியத் தகடு வைக்கக் குத்தகைக்கு விடலாம். கொடிக்கு மேலேயே தகடு நிறுத்தி இரண்டையும் செய்து பார்க்கும் முயற்சிகளும் நடக்கின்றன. இன்னொரு வழி, வயலைச் சதுப்பாகவே திருப்பிக் கொடுத்துவிடுவது. பிளிமத்தில் டிட்மார்ஷ் என்ற பெரிய கிரான்பெர்ரிப் பண்ணையின் சொந்தக்காரர்கள் அப்படித்தான் செய்தார்கள். அணைகளை எடுத்து, வாய்க்கால்களை மூடி, ஓடையைப் பழையபடி வளைந்து ஓடவிட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலாகப் போட்ட மணலைக் கிளறியதும், அடியில் கிடந்த பழைய சதுப்பு விதைகள் முளைத்தன. கடலிலிருந்து ஹெரிங் மீன் ஓடைக்குள் ஏறிவந்தது. 2017-இல் அது பொதுமக்களுக்கான சரணாலயமாகத் திறக்கப்பட்டது. வயல் செத்துப்போனது என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நேரம், நடவுக் கடனை எடுத்து, அப்பாவோடு சண்டை போட்டு, புதுக் கொடி நட்டிருக்கும் பிள்ளைகளும் அந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அவர்களுக்காகவும் மனம் அடித்துக்கொள்கிறது.

நவம்பரில் அறுவடைத் தண்ணீர் வடிந்ததும் வயல் நிறம் மாறும். இலை உதிராத கொடி என்பதால் பச்சை போய் ஒயின் நிறச் சிவப்பு படரும். குனிந்து ஒரு தளிரின் நுனியை விரலால் தடவினால் அடுத்த வருடத்து மொட்டு, கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, கெட்டியாக இருக்கும். ஒரு சதுர அடிக்கு எத்தனை மொட்டு என்று எண்ணி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. மணல் குழியருகே மணல் சலித்துக் குவிந்திருக்கும். பம்பு இன்ஜின்களைத் துடைத்து எண்ணெய் போட்டு மூடிவைத்துவிட்டு, மதகுப் பலகைகளை வெளியே எடுத்து அடுக்குவார்கள். இனி பனி எவ்வளவு தடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.